பெயர் துப்பாக்கியோடு போனது: பாஸ்க் எத்தா பற்றி நாகர்கோவிலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் நாங்கள் சிலர் கூடி உலக வரலாறு பேசுவது வழக்கம். ஸ்பெயினின் வடக்கு மூலையில் பாஸ்க் நாட்டு விடுதலை கேட்டு ஆயுதம் எடுத்த எத்தா அமைப்பைப் பற்றிப் பேசியபோது கூட்டத்தில் வந்த கேள்விகளும், பிறகு தொலைபேசியில் வந்த கேள்விகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றின: ஒரே அமைப்புக்குள் அப்பன் காலத்து ஆட்களும் மகன் காலத்து ஆட்களும் எப்படி மோதிக்கொண்டார்கள், அந்த மோதலில் வழிமுறை எப்படி மாறியது? அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இதை ஏன் நாம் பேச வேண்டும்? நமக்கும் பாஸ்க் நாட்டுக்கும் என்ன உறவு?

கோட்டாறு சவேரியார் அந்த ஊர்க்காரர். 1506இல் நவார் பகுதியில், ஹவியேர் கோட்டையில் பிறந்தவர், தாய்மொழி பாஸ்க். தமிழ்க் கடலோரத்து மக்களின் மொழி தனக்கும், தன் மொழி அவர்களுக்கும் புரியாமல் பட்ட பாட்டை 1544இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். டிசம்பர் 3 அவர் திருநாள். அன்று நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை, நவாரில் மாநில விழா. பாஸ்க் மொழி நாளும் அதே தேதிதான்.

எத்தாவுக்கும் சவேரியாருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் 'பாஸ்க்' என்றால் எங்கேயோ இருக்கிற யாரோ என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொன்னால் காது கொஞ்சம் திறக்கிறது.

அந்த நாடு எவ்வளவு பெரியது?

பைரனீஸ் மலையின் மேற்கு ஓரத்தில், ஸ்பெயின் பக்கம் நான்கு பகுதிகளும் பிரான்ஸ் பக்கம் மூன்று பகுதிகளும் சேர்ந்தது. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 30 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகையே 18.7 லட்சம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய இடத்தை மையமாகக் கொண்ட அமைப்பு 800க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. சுட்டவனுடைய அம்மாவும் செத்தவனுடைய மனைவியும் ஒரே கோயிலில் பூசை கண்ட ஊர்கள் உண்டு.

தூத்தூர், சின்னத்துறை பக்கம் பந்தாட்டம் பார்ப்பவர்களுக்கு இந்த நாடு ஏற்கெனவே தெரியும். பாஸ்க் வீரர்களை மட்டுமே சேர்க்கும் அத்லெட்டிக் பில்பாவோ அணியின் ஊர் இது. 1976 டிசம்பர் 5 அன்று அந்த அணியின் தலைவர் இரிபாரும் எதிரணியான ரியல் சொசியதாத்தின் தலைவர் கோர்தபாரியாவும், அப்போது தடைசெய்யப்பட்டிருந்த பாஸ்க் கொடியை ஆளுக்கொரு முனை பிடித்து மைதானத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

எத்தாவைத் தொடங்கியது யார்? என்ன கோபம்?

கல்லூரிப் பையன்கள். 1952இல் 'எகின்' என்ற பெயரில் படிப்பு வட்டமாகக் கூடியவர்கள், பாஸ்க் தேசியவாதக் கட்சியின் இளைஞர் அணியோடு சேர்ந்து, பிறகு முறித்துக்கொண்டு, 1959 ஜூலை 31 அன்று எத்தாவை அமைத்தார்கள். 'பாஸ்க் தாயகமும் விடுதலையும்' என்பது முழுப்பெயரின் பொருள்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் வென்று சர்வாதிகாரியான பிராங்கோ மேல் இருந்த கோபம் எல்லோருக்கும் தெரிந்தது. 1937 ஏப்ரல் 26இல் பாஸ்க் நகரமான கெர்னிகாவின் மேல், பிராங்கோவுக்கு உதவ வந்த ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டன. போருக்குப் பிறகு பாஸ்க் மொழி பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் விரட்டப்பட்டது. இந்தப் பையன்களை உள்ளூர எரித்தது இன்னொன்று: வீட்டில் இருந்த பெரியவர்களின் மௌனம். பழைய கட்சி 1895இல் தொடங்கியது; போரில் தோற்று, அதன் அரசு பாரிஸில் அகதியாக உட்கார்ந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் வென்றால் பிராங்கோவை அவர்களே இறக்கிவிடுவார்கள் என்பதுதான் பெரியவர்களின் ஒரே திட்டம். 1953இல் அமெரிக்கா பிராங்கோவோடு ராணுவத் தள ஒப்பந்தம் போட்டது. 1955இல் ஸ்பெயின் ஐ.நா.வில் சேர்க்கப்பட்டது. அதோடு அந்தத் திட்டம் தீர்ந்தது. ஆனால் அது தீர்ந்துபோனது என்று கட்சி ஒப்புக்கொள்ளவில்லை. அகதி அரசின் தலைவர் அகிர்ரே 1960இல் பாரிஸிலேயே இறந்தார்.

ஆகவே முதல் பிளவு வன்முறை வேண்டுமா வேண்டாமா என்பதில் வரவில்லை. காத்திருப்பது போதுமா என்பதில் வந்தது.

துப்பாக்கி எப்போது வந்தது?

மெதுவாக. 1961 ஜூலையில் பிராங்கோவின் பழைய போர்வீரர்கள் போன ரயிலைத் தடம்புரட்டப் பார்த்துத் தோற்றார்கள். அதற்காக நடந்த கைதுகளும் சித்திரவதைகளும் மிகப் பெரியவை. அதைப் பார்த்த அடுத்த வரிசை இளைஞர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். அல்ஜீரியா, கியூபா, வியட்நாம் படித்த தலைமுறை அது. நாம் ஓர் அடி அடித்தால் அரசு ஊரையே அடிக்கும். அடிபட்ட ஊர் நம் பக்கம் வரும். பிறகு இன்னும் பெரிய அடி அடிக்கலாம். குருட்விக் போன்றவர்கள் அறுபதுகளில் இதைக் கோட்பாடாகவே எழுதிக் கொடுத்தார்கள்.

1968 ஜூன் 7 அன்று ஒரு சாலைச் சோதனையில் பார்தினெஸ் என்ற காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் எச்செபாரியேத்தா: வயது 23, கவிதை எழுதுபவர், அமைப்பின் முன்னணித் தலைவர். அன்றே அவரும் காவல்துறையின் குண்டுக்கு இறந்தார். ஆகஸ்ட் 2இல், சித்திரவதைக்குப் பேர்போன அதிகாரி மன்சானாஸை அவர் வீட்டு வாசலிலேயே திட்டமிட்டுக் கொன்றார்கள். அரசு நெருக்கடிநிலை அறிவித்தது. கணக்கு பலித்தது. 1970 டிசம்பரில் புர்கோஸ் ராணுவ நீதிமன்றத்தில் 16 பேர் நிறுத்தப்பட்டு 6 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோது ஐரோப்பா முழுக்க ஊர்வலம் போனது. பிராங்கோ தண்டனையைக் குறைக்க வேண்டியதாயிற்று. 1973 டிசம்பர் 20 அன்று மாட்ரிட்டில் சாலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி வைத்த குண்டில் பிரதமர் கரேரோ பிளாங்கோவின் கார் ஒரு கட்டடத்தின் மேலாகத் தூக்கி எறியப்பட்டது. சர்வாதிகாரியின் வாரிசாகக் கருதப்பட்டவர் அவர். பிராங்கோவை வெறுத்த பலர் அன்று எத்தாவைக் கொண்டாடினார்கள் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அந்தக் கொண்டாட்டம்தான் பின்னால் வந்த கேட்டுக்கு வித்து என்பது என் எண்ணம். ஒரு வழிமுறை ஒரு முறை பலித்துவிட்டால், அது பலித்த காலமும் சூழலும் மறந்துபோகும். வழிமுறை மட்டும் வேதமாக நிற்கும்.

எத்தனை முறை உடைந்தது?

இந்தக் கேள்விக்குத்தான் கூட்டத்தில் நெடுநேரம் போனது. பெரிய உடைப்புகளை மட்டும் சொல்கிறேன்.

1966-67இல் நடந்த ஐந்தாம் பேரவையில், தொழிற்சங்க வேலையே முக்கியம் என்ற இடதுசாரிக் குழு வெளியேற்றப்பட்டது. 1970இல் ஆறாம் பேரவை. அதில் பெரும்பான்மை, தேசியத்தைவிட வர்க்கம் முக்கியம் என்று முடிவெடுத்தது. புர்கோஸில் விசாரிக்கப்பட்ட கைதிகளில் பலரும் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். சிறுபான்மை, அந்தப் பேரவையே செல்லாது, ஐந்தாவதுதான் கடைசி என்றது. எந்தப் பக்கம் பிழைத்தது? ஆயுதமும் பிரான்ஸ் எல்லையில் மறைவிடமும் கையில் இருந்த சிறுபான்மை. பெரும்பான்மையினர் டிராட்ஸ்கியக் கட்சியொன்றோடு கலந்து கரைந்துபோனார்கள்.

1974 செப்டம்பர் 13இல் மாட்ரிட்டில் காவல் தலைமையகத்துக்குப் பக்கத்திலிருந்த ரோலாந்தோ சிற்றுண்டியகத்தில் குண்டு வெடித்து 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சாதாரண மக்கள். இதைச் செய்தது நாங்கள் என்று எத்தா ஒப்புக்கொண்டது 2018இல்தான், கலையப்போகும் வேளையில். அன்று அதை ஒப்புக்கொள்ளலாமா என்ற சண்டையும் சேர்ந்து அமைப்பு இரண்டானது: அரசியலும் ஆயுதமும் ஒரே அமைப்பில் இருக்கட்டும் என்றவர்கள் 'அரசியல்-ராணுவ' எத்தா, ஆயுதத்தைத் தனியாக வைப்போம், அரசியலை வேறு ஆட்கள் பார்க்கட்டும் என்றவர்கள் 'ராணுவ' எத்தா. அப்போது ஆள்பலம் முதல் பிரிவுக்கே. அதன் மூளையாக இருந்த பெர்தூர், சர்வாதிகாரம் முடிந்த பிறகு கட்சி கட்ட வேண்டும் என்று வாதிட்டவர். 1976 ஜூலையில் பிரான்ஸ் பக்கத்தில் காணாமல் போனார். யார் கடத்தினார்கள் என்பதற்கு இன்றுவரை நீதிமன்ற விடை இல்லை. அந்தப் பிரிவின் அதிரடிப் படையினர் ராணுவ எத்தாவுக்குத் தாவினார்கள். மிச்சமிருந்தவர்களில் ஒரு பகுதி 1982 செப்டம்பரில் முகமூடியைக் கழற்றி, நிருபர்கள் முன்னால் தங்களைக் கலைத்துக்கொண்டது. அரசோடு பேசி அதற்கு வழி செய்தவர்களில் ஒருவர் மரியோ ஒனைந்தியா: புர்கோஸில் மரண தண்டனை பெற்ற ஆறு பேரில் ஒருவர்.

வரிசையாகப் பாருங்கள். 1970 முதல், வாதத்தில் வென்றவர்கள், தலைக்கணக்கில் கூடியவர்கள், வெளியே போனார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பெயரையும் வைத்துக்கொண்டார்கள். அப்பன் சொத்தில் வீடு யாருக்கு என்ற வழக்கில், சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவனுக்கே வீடு என்று தீர்ப்பானது போல. அடுத்து வரும் பையனுக்கு எத்தா என்றால் இவர்கள்தான். விட்டுப் போனவர்கள் எல்லாம் துரோகிகள் என்றே அவன் கேள்விப்படுகிறான்.

பிராங்கோ செத்த பிறகும் ஏன் நிறுத்தவில்லை?

1975 நவம்பர் 20இல் பிராங்கோ இறந்தார். 1977இல் பொதுமன்னிப்பு, கைதிகள் வெளியே வந்தார்கள். 1978இல் அரசியலமைப்பு, 1979இல் பாஸ்க் பகுதிக்குத் தன்னாட்சிச் சட்டம், சொந்தச் சட்டமன்றம், சொந்த வரி வசூல். நம் ஊரில் மாநில சுயாட்சி கேட்பவர்கள் அந்த வரி உரிமையைப் பார்த்தால் பெருமூச்சு விடுவார்கள்.

அப்படியிருந்தும் எத்தா செய்த கொலைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிராங்கோ இறந்த பிறகு நடந்தவை. 1978 முதல் 1980 வரை மூன்றே ஆண்டுகளில் 200க்கும் மேற்பட்டோர். வழிமுறை மாறிவிட்டது. மக்கள் எழுச்சி வரப்போவதில்லை என்று ராணுவ எத்தாவுக்குத் தெரியும். ஆகவே அரசைக் களைக்கவைக்கும் போர்: பிணம் விழ விழ, ஒரு நாள் மாட்ரிட் மேசைக்கு வரும். 1989இல் அல்ஜியர்ஸில் மேசைக்கு வரவும் செய்தது. மூன்று மாதத்தில் முறிந்தது.

காவல்துறையிலும் படையிலும் பிராங்கோ காலத்து ஆட்களே தொடர்ந்தார்கள். 1983 முதல் 1987 வரை 'கால்' (GAL) என்ற பெயரில் இயங்கிய கூலிக் கொலைப்படை, பெரும்பாலும் பிரான்ஸ் பக்கத்தில், 27 பேரைக் கொன்றது. எத்தாவோடு சம்பந்தமே இல்லாதவர்களும் அதில் உண்டு. அரசுப் பணத்தில் நடந்த வேலை என்று பின்னால் நிரூபணமாகி, 1998இல் முன்னாள் உள்துறை அமைச்சர் பாரியோனுவேவோ தண்டிக்கப்பட்டார். ஜனநாயகம் வந்துவிட்டது என்று அப்பா சொன்னால், பதினாறு வயது மகன் இந்தக் கொலைப்படையைக் காட்டினான். ஒரு தலைமுறை முழுக்க எத்தாவுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது இந்தக் கொலைப்படை.

யோயெஸ் யார்? ஏன் அவரைப் பற்றி அடிக்கடி பேசுகிறார்கள்?

மரியா தோலோரெஸ் கொன்சாலெஸ் கதராயின். எத்தாவின் தலைமையில் இருந்த முதல் பெண்களில் ஒருவர். எழுபதுகளின் முடிவில், அமைப்பு வெறும் ராணுவமாகிவிட்டது என்று விலகி மெக்சிகோ போனார். படித்தார், குழந்தை பெற்றார். அரசின் மறுவாழ்வு ஏற்பாட்டில் ஊர் திரும்பினார். யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. 1986 செப்டம்பர் 10 அன்று, சொந்த ஊரான ஓர்திசியாவில் திருவிழா நடக்கும்போது, மூன்று வயது மகன் கண்முன்னே எத்தா அவரைச் சுட்டது.

அவர் வெளியேறியதைவிட, வெளியேறி உயிரோடு இருக்க முடியும் என்று காட்டியதுதான் அமைப்புக்குப் பொறுக்கவில்லை. பழைய தலைமுறை ஆட்களுக்குப் போன சேதி அது. அதன் பிறகு சிறைக்குள்ளிருந்து மாற்றுக் குரல் வெளியே வருவது அரிதாயிற்று.

தொண்ணூறுகளில் வந்த பிள்ளைகள் எப்படி வேறுபட்டார்கள்?

1992 மார்ச் 29. பிரான்ஸ் பக்கம் பிதார்த் என்ற ஊரில், ஒரே வீட்டில் எத்தாவின் மொத்தத் தலைமையும் பிடிபட்டது: பாகிட்டோ என்று அழைக்கப்பட்ட முதன்மைத் தலைவரும் கூட இருவரும். பார்சிலோனா ஒலிம்பிக்குக்குச் சில மாதமே இருந்தது.

அதற்குப் பிறகு அமைப்புக்குள் வந்தவர்களில் பலர் பிராங்கோவின் ஆட்சியை அறியாதவர்கள். பாஸ்க் மொழிப் பள்ளியில் படித்து, தன்னாட்சி அரசின் சாலையில் நடந்து வளர்ந்தவர்கள். அவர்களுடைய பயிற்சிக்களம் தெரு: வார இறுதியில் முகமூடி கட்டிப் பேருந்து எரிப்பது, வங்கி இயந்திரம் உடைப்பது, எதிர்க்கட்சி அலுவலகத்தில் பெட்ரோல் குண்டு வீசுவது. அங்கிருந்து சிலர் ஆயுதக் குழுவுக்குப் போனார்கள். பழையவர்கள் சீருடைக்காரர்களையே பெரும்பாலும் குறிவைத்தோம் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆனால் 1987இல் பார்சிலோனா ஹிப்பர்கோர் கடையில் 21 பேரைக் கொன்றதும் அவர்கள்தான், அந்தப் பெருமை எடுபடாது. புதிய காலத்தில் நியாயமே மாற்றி எழுதப்பட்டது. துன்பத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ளட்டும் என்றார்கள். உள்ளாட்சி உறுப்பினர், பேராசிரியர், நீதிபதி, செய்தியாளர் எல்லோரும் இலக்கு.

1997 ஜூலையில் எர்முவா என்ற சிறு நகரத்தின் 29 வயது உள்ளாட்சி உறுப்பினர் மிகேல் ஆங்ஹெல் பிளாங்கோவைக் கடத்தி, கைதிகளை பாஸ்க் சிறைகளுக்கு மாற்ற 48 மணி நேரக் கெடு வைத்தார்கள். கெடு முடிந்ததும் கொன்றார்கள். லட்சக்கணக்கில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். பாஸ்க் ஊர்களில் எத்தா ஆதரவாளர் அலுவலகங்களுக்கு முன்னாலேயே மக்கள் திரண்டு கத்தியது அப்போதுதான்.

2000 மே 7 அன்று அந்தோவாயினில் கொல்லப்பட்ட லோபெஸ் தெ லகாயே பற்றியும் சொல்ல வேண்டும். நாளிதழில் பத்தி எழுதியவர், எத்தாவை விமர்சித்தவர். பிராங்கோவுக்கு எதிராகத் தொழிற்சங்கம் கட்டியதற்காக ஐந்து ஆண்டு சிறையில் இருந்தவர். பிராங்கோவை எதிர்ப்பதற்காக எடுத்த ஆயுதத்தால், பிராங்கோவின் கைதியை, பிராங்கோவை அறியாத தலைமுறை கொன்றது. இந்தக் கதையில் எனக்கு இதைவிடக் கசப்பான இடம் இல்லை.

அப்படியானால் இளரத்தம் சூடு, முதியவர் நிதானம் என்று சொல்லிவிடலாமா?

கூடாது. கேட்க வசதியாக இருக்கும். உண்மை அவ்வளவு நேரானது அல்ல.

2006 மார்ச்சில் எத்தா நிரந்தரப் போர்நிறுத்தம் அறிவித்தது. பேச்சின் எத்தா பக்கத்து முகம் ஹோசு தெர்னேரா, 1950இல் பிறந்தவர். நடுவில் அவரை ஓரங்கட்டி கடும்போக்கைக் கொண்டுவந்தவர் தியெரி, 1958இல் பிறந்தவர். அவரும் பையன் அல்ல. அவரோடு ராணுவப் பிரிவின் தலைவர் செரோகி, 1973 பிறப்பு. டிசம்பர் 30 அன்று மாட்ரிட் விமான நிலையத்தின் நான்காம் முனையத்தில் குண்டு வெடித்து, காரில் தூங்கிக்கொண்டிருந்த எக்வடார் நாட்டுத் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். பேச்சும் செத்தது.

இன்னொரு பக்கம், 2004இல் சிறையிலிருந்து பாகிட்டோ உட்பட ஆறு பழைய தலைவர்கள் எழுதிய கடிதம். இப்படிப் போரிட்டு எதுவும் ஆகாது என்பது அதன் சாரம். 1980களில் மிகக் கொடிய தாக்குதல்களுக்குப் பொறுப்பில் இருந்த அதே பாகிட்டோ! அமைப்பு அவர்களை விலக்கியது.

வயதைவிட ஆள் எங்கே இருக்கிறார் என்பதே அதிகம் தீர்மானித்தது என்று நினைக்கிறேன். சிறையில் இருப்பவனுக்குக் காலம் தெரியும். மனைவியும் பிள்ளையும் ஆயிரம் கிலோமீட்டர் பயணித்து வந்து கண்ணாடிக்கு அப்பால் நிற்பதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறான். 1989 முதல் கைதிகளைத் தூரத்துச் சிறைகளில் சிதறடிப்பது அரசின் கொள்கை. பிரான்சில் மறைந்து வாழ்பவனுக்கு வாரத்துக்கு ஒரு வீடு, சந்திப்பது நாலு பேரை, அவர்களும் அவனைப் போன்றவர்களே. ஊரில் தேர்தலுக்கு நிற்பவன் மக்கள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். மூன்று இடங்களுக்கும் மூன்று கடிகாரங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் நெடுங்காலம் நடுவில் சொன்னவனிடம் இருந்தது.

கடைசியில் எது முடித்துவைத்தது? போலீசா, மக்களா?

இரண்டும்; அதோடு சொந்த அரசியல் அணியின் கலகமும். எண்பதுகளின் நடுவிலிருந்து பிரான்ஸ் கதவைச் சாத்தியது. 2003இல் எத்தாவின் அரசியல் முகமான பதசுனா கட்சி ஸ்பெயின் உச்ச நீதிமன்றத்தால் தடைசெய்யப்பட்டது. 2009இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதை ஏற்றது. 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் ஜிகாதிகள் வைத்த குண்டுகளில் 190க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அரசு முதலில் எத்தாவைக் கைகாட்டியது. பொய்தான். ஆனால் அப்படிச் சொன்னால் உலகம் நம்பக்கூடிய நிலையில் தாங்கள் இருக்கிறோம் என்பதை ஆதரவாளர்களும் உணர்ந்தார்கள்.

2009-10இல் அர்னால்தோ ஒதேகி தரப்பு ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, ஆயுதத்தை நம்பாத அரசியல்தான் வழி என்று அடித்தளத்தை முடிவெடுக்க வைத்தது. ஒதேகியே இளமையில் அரசியல்-ராணுவ எத்தாவில் இருந்தவர். இந்த வேலைக்காகவே ஸ்பெயின் அவரை 2009இல் கைது செய்து 2016 வரை சிறையில் வைத்தது வேடிக்கை. 2011 அக்டோபர் 17இல் சான் செபாஸ்டியனில் ஆயேத்தே மாளிகையில் ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலர் கோஃபி அன்னான், அயர்லாந்து அரசியல்வாதி ஜெரி ஆடம்ஸ் முதலானோர் கூடி வேண்டுகோள் விடுத்தார்கள். மூன்றாம் நாள் எத்தா ஆயுதச் செயல்பாட்டை முற்றாக நிறுத்தியது. 2017 ஏப்ரல் 8இல் பயோன் நகரில், குடிமக்கள் குழு ஒன்றின் வழியாக 8 ஆயுதப் பதுக்கிடங்களின் இடம் பிரெஞ்சு அரசுக்குக் கொடுக்கப்பட்டது. 2018 மே 3 அன்று அமைப்பு கலைக்கப்பட்ட அறிவிப்பு வந்தது. ஒலிப்பதிவில் கேட்ட குரல்களில் ஒன்று தெர்னேராவுடையது.

இந்த முறைதான் துப்பாக்கியும் பெயரும் ஒன்றாகப் போயின.

மன்னிப்புக் கேட்டார்களா?

2018 ஏப்ரலில் கேட்டார்கள், பாதி. மோதலில் நேரடியாகச் சம்பந்தப்படாமல் பலியானவர்களிடம் மன்னிப்பு. மற்றவர்களுக்கு வருத்தம், மரியாதை. காவலரின் விதவைக்கு ஒரு தட்டு, கடைக்காரரின் விதவைக்கு வேறு தட்டு. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் அதை ஏற்கவில்லை. எனக்கும் ஏற்கத் தோன்றவில்லை. இன்னும் 300க்கும் மேற்பட்ட கொலைகளில் குற்றவாளி யாரென்று தீர்ப்பாகவில்லை.

நம் மாவட்டத்து எல்லைப் போராட்டத்தோடு ஒப்பிடலாமா?

அடிக்கடி வரும் கேள்வி. மார்த்தாண்டம் பக்கத்து நண்பர்கள் விடுவதில்லை. நம்முடையது தனிநாடு கேட்ட போராட்டம் அல்ல. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேரக் கேட்டது. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தேர்தல், மறியல், நீதிமன்றம் எல்லாவற்றையும் பயன்படுத்தியது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் உயிர்கள் போயின. ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் சோஷலிஸ்ட் அமைச்சரவை. அதே கட்சியின் பொதுச்செயலாளர் லோகியா அவரைப் பதவி விலகச் சொன்னார், கட்சியே அதில் பிளந்தது.

ஆனால் 1956 நவம்பர் 1இல் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் கிடைக்கவில்லை. வருத்தம் இன்றும் உண்டு. இருந்தாலும் கல்லடி பட்டவரும் சிறை போனவரும் தம் ஆயுளிலேயே பலனைப் பார்த்தார்கள். எந்த வழி சரி என்ற சண்டை பேரப்பிள்ளை கைக்குப் போகவில்லை. பாஸ்க் நாட்டில் 1937இன் தோல்வி தீர்க்கப்படாமலே இரண்டு தலைமுறை கைமாறியது. அரசின் காதும் முக்கியம்: இங்கே ஒரு ஆணையம் வந்து மனு வாங்கியது, அங்கே மனு கொடுத்தவன் சிறைக்குப் போனான்.

ஈழத்தோடு?

இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கும் மாவட்டத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. தொடக்கத்தில் ஒற்றுமை உண்டு: 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் போட்ட பெரியவர்களும், அதே மாதம் புலிகள் அமைப்பாக மாறிய இளைஞர்களும், காத்திருப்பது போதுமா என்ற அதே கேள்வியில் பிரிந்தார்கள். 1989 ஜூலையில் அமிர்தலிங்கம் கொழும்பில் புலிகளால் கொல்லப்பட்டார். 2004இல் கருணாவின் பிளவு தலைமுறைப் பிளவல்ல, கிழக்கு-வடக்குப் பிளவு.

எனக்குப் படும் பெரிய வேறுபாடு ஒன்று. ஸ்பெயின் 1978இல் மரண தண்டனையை ஏறக்குறைய ஒழித்தது. பிரெஞ்சுக் காவல்துறை தலைவர்களைப் பெரும்பாலும் உயிரோடு பிடித்தது. ஆகவே எத்தாவில் ஐம்பது வயதுக் கைதி, அறுபது வயதுக் கைதி என்று ஒரு கூட்டம் மிஞ்சியது. பின்னாளில் வாய்திறக்க ஆள் இருந்தது. சயனைட் குப்பியும் 2009 மே மாதமும் இலங்கையில் அப்படி ஒரு கூட்டத்தை விட்டுவைக்கவில்லை.

இதையெல்லாம் படிப்பது ஆதரிப்பது ஆகாதா?

ஆகாது.

இன்றைய பாஸ்க் இளைஞர்கள் என்ன செய்கிறார்கள்?

ஒதேகியின் எ.ஹெச். பில்து கூட்டணி 2024 ஏப்ரலில் நடந்த பாஸ்க் சட்டமன்றத் தேர்தலில் 27 இடம் பிடித்து, பழைய பாஸ்க் தேசியவாதக் கட்சிக்குச் சமமாக வந்தது. அதற்கு வாக்களித்த இருபது வயதினர் பலருக்கு வாடகையும் வேலையும்தான் பேச்சு. கைதிகளைத் தூரத்தில் வைக்கும் கொள்கை 2023 மார்ச்சோடு முடிந்தது. வீடு திரும்பும் பழைய கைதிகளுக்கு ஊர் வரவேற்பு கொடுக்கலாமா என்ற சச்சரவு சில ஆண்டுகள் ஓடியது.

பில்துவின் இளைஞர்களுக்கு இப்போது தெருவில் போட்டியாக இருப்பவர்கள் 'கெ.கா.எஸ்.' என்ற சோஷலிஸ்ட் இளைஞர் குழு. 2019 வாக்கில் உருவானவர்கள். பில்துக்காரர்கள் நாற்காலிக்குப் பழகிவிட்டார்கள், தேசியம் பேசி வர்க்கத்தை மறந்துவிட்டார்கள் என்கிறார்கள். 1970ஆம் ஆண்டு ஆறாம் பேரவையின் பெரும்பான்மை சொன்ன அதே வாதம், ஆயுதம் இல்லாமல். பில்துவின் பெரியவர்கள் அவர்களைப் 'பொறுப்பில்லாத பிள்ளைகள்' என்ற பார்வையில்தான் பார்க்கிறார்கள்; நாற்பது ஆண்டுக்கு முன் தங்களை அப்படிப் பார்த்தவர்கள் யார் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.